டிரேட்மார்க் படிவத்தில் 'எப்போதிருந்து?' என்ற கட்டம்

டிரேட்மார்க் பதிவுக்கான டிஎம்-ஏ படிவத்தில் பெயர், முகவரி, லோகோ, வகுப்பு (எந்த வகைச் சரக்கு அல்லது சேவை என்ற எண்) எல்லாம் நிரப்பிய பிறகு ஒரு சின்னக் கட்டம் வரும். இந்தப் பெயரை ஏற்கெனவே பயன்படுத்தி வருகிறீர்களா, இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறீர்களா? ஏற்கெனவே என்றால் எந்தத் தேதியிலிருந்து? அரை நிமிடத்தில் நிரப்பிவிடுகிற கட்டம். ஐந்து வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் புரட்டிப் பார்ப்பதும் அதையேதான். சிக்கலாகி எங்கள் மேசைக்கு வந்து சேரும் கோப்புகளைப் பின்னோக்கிப் பார்த்தால், முதல் முடிச்சு பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் விழுந்திருக்கும்.

அதற்கு ஏன் இவ்வளவு கனம் என்றால், நம் நாட்டில் பதிவுச் சான்றிதழைவிட முந்தைய பயன்பாடு வலுவானது. 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பதிவு பெற்றவர் பயன்படுத்தத் தொடங்கிய நாள், அவர் பெயர் பதிவான நாள், இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்து ஒருவர் தொடர்ந்து பயன்படுத்தி வந்தால் அவரைத் தடுக்க முடியாது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே எழுதியது. எதிர்த்தரப்பு தன்னிடமும் பதிவு இருக்கிறது என்று சொன்னது. முதலில் பயன்படுத்தியவர் உரிமையே மேல், பதிவு பெற்றவர் மீதும் 'பாஸிங் ஆஃப்' வழக்குப் போடலாம் என்றது நீதிமன்றம். தன் சரக்கை அடுத்தவர் சரக்கு என்று நம்பவைத்து விற்பதைத் தடுக்கும் வழக்குக்குத்தான் அந்தப் பெயர். ஆக, சண்டை என்று வந்தால் கடைசியில் நிற்கும் கேள்வி, யார் முதலில் விற்றார், அதற்குத் தாளில் என்ன இருக்கிறது என்பதே.

இந்தக் கட்டத்தில் இரண்டு விதமாகத் தப்பு நடக்கிறது. முதலாவது, எட்டு வருடமாகக் கடை நடத்துபவர்களும் 'இனிமேல் பயன்படுத்த உள்ளோம்' என்று டிக் அடித்துவிடுவது. காரணம் எளிது. 2017-ஆம் ஆண்டு விதிகளில் 25-ஆவது விதிப்படி, முன்பயன்பாடு உண்டு என்று சொன்னால் அதற்கான அஃபிடவிட்டையும் (உறுதிமொழிப் பத்திரம்) ஆதாரங்களையும் விண்ணப்பத்தோடேயே போட வேண்டும். முத்திரைத்தாள், நோட்டரி, பழைய பில் தேடுவது என்று இரண்டு நாள் வேலை. அதைத் தவிர்க்கவே விண்ணப்பத்தை அவசரமாகப் போட்டுக்கொடுப்பவர்கள் சுருக்குவழியில் போகிறார்கள். பிறகு எதிர்ப்பு வரும்போது "நாங்கள் 2012 முதல் விற்கிறோம்" என்று சொன்னால், "உங்கள் விண்ணப்பத்தில் நீங்களே இன்னும் தொடங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே" என்ற ஒரு வரி போதும், வாதம் ஆட்டம் கண்டுவிடும். பின்னால் டிஎம்-எம் படிவம் போட்டுத் தேதியைத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். எழுத்துப் பிழையைத் திருத்துவது வேறு, பயன்பாட்டுக் கூற்றையே மாற்றுவது வேறு. இரண்டாவதை டிரேட்மார்க் பதிவகம் எளிதில் விடாது.

இரண்டாவது தப்பு இதற்கு நேர் எதிர். தாத்தா கடை வைத்த வருடத்தை எழுதுவது. விண்ணப்பதாரர் 2016-இல் பதிவான கூட்டு நிறுவனம், எழுதிய தேதி 1987. இடைப்பட்ட காலத்தில் தாத்தாவின் தனிக்கடை, அப்பா காலத்துக் கூட்டு, அது கலைந்தது, மகன்கள் பிரிந்தது என்று நான்கு கைமாற்றம். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பத்திரம் வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நிலமும் வீடும் நகையும் எழுதியிருப்பார்கள். கடைப் பெயர் யாருக்கு, அதன் நற்பெயர் யாருக்கு என்று ஒரு வரி இருக்காது. குடும்பத் தொழில்களில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே பெயருக்கு வழக்காடும் நிலை பெரும்பாலும் இந்த ஒரு வரி இல்லாததால்தான் வருகிறது. பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், கூட்டுக் கலைப்புப் பத்திரம் எதை எழுதினாலும் பெயரும் நற்பெயரும் யாருக்குப் போகிறது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். முன்னவர் பயன்பாட்டைக் கோருவதானால் விண்ணப்பத்திலும் அஃபிடவிட்டிலும் 'தானும் தனக்கு முன் உரிமையாளராக இருந்தவர்கள் மூலமாகவும்' என்ற வாசகம் இருந்தாக வேண்டும்.

நிரூபிக்க முடியாத பழைய தேதியைவிட, பில் கையில் இருக்கும் புதிய தேதியே மேல். ஒரு தேதி பொய் என்று காட்டிவிட்டால் மற்ற எல்லா ஆதாரத்தின் மேலும் சந்தேகம் படியும்.

விண்ணப்பதாரர் யார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். தனிநபர் கடையென்றால் விண்ணப்பதாரர் அந்த நபர்தான். கடைப் பெயருக்குச் சட்டத்தில் தனி ஆள் என்ற தகுதி கிடையாது. 'இன்னார், இந்தப் பெயரில் வணிகம் செய்பவர்' என்று போட வேண்டும். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் என்றால் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு ₹4,500. மற்றவர்களுக்கு ₹9,000. கூட்டு நிறுவனமோ கம்பெனியோ சிறுதொழில் சலுகை கேட்டால் உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்றிதழை இணைக்க வேண்டும். சாம்பார்ப்பொடி 30-ஆம் வகுப்பு, ஊறுகாய் 29, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 3, உணவகம் 43. ஒரே விண்ணப்பத்தில் பல வகுப்பு போடலாம் என்றாலும் தனித்தனியாகப் போடுவது நல்லது. ஊறுகாய்க்கு மட்டும் எதிர்ப்பு வந்தால் மற்றதும் சேர்ந்து நின்றுவிடும். பிறகு விண்ணப்பத்தைப் பிரிக்கத் தனி மனு போட வேண்டியிருக்கும்.

இனி ஆதாரம். ஒரு பில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே கடைப் பெயர், 'டிரேடர்ஸ்' என்ற ஒட்டுடன். கீழே அட்டவணையில் 'மல்லித்தூள் 100 கிராம், 40 பாக்கெட்'. ஜிஎஸ்டி எண், தேதி, தொகை, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் பிராண்டுப் பெயர் பில்லில் எங்குமே இல்லை. இப்படி முந்நூறு பில் கொண்டுவந்து கொடுத்தாலும் அது மல்லித்தூள் விற்றதற்கு ஆதாரமாகுமே தவிர, அந்தப் பெயரில் விற்றதற்கு ஆகாது. தீர்வு ஐந்து நிமிட வேலை. பில்லிங் மென்பொருளில் சரக்கின் பெயரைத் திறந்து, மல்லித்தூள் என்பதற்கு முன்னால் பிராண்டுப் பெயரைச் சேர்த்துவிடுங்கள். இன்றைக்குச் செய்தால் இன்று முதல் ஒவ்வொரு பில்லும் ஆதாரம்.

பழைய காலத்துக்கு வேறு இடங்களில் தேட வேண்டும். லேபிளோ பாக்கெட்டோ அச்சடித்த பில்தான் எங்கள் அனுபவத்தில் மிகவும் பயன்பட்டது. சிவகாசி அச்சகத்து பில்லில் எந்தப் பெயருக்கு எத்தனை ஆயிரம் லேபிள் என்று எழுதியிருப்பார்கள். பிளாஸ்டிக் பாக்கெட் என்றால் அச்சுச் சிலிண்டர் செய்த பில் தனியாக இருக்கும். அதில் டிசைனின் பெயர் வரும், அது விற்பனை தொடங்குவதற்கும் முந்தைய தேதியாகவே இருக்கும். அச்சகம் திருத்தம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலும் அதே அளவு பயன். பத்திரிகை விளம்பரம் என்றால் விளம்பரத்தை மட்டும் கத்தரித்து வைக்காமல் தேதி தெரியும்படி முழுப்பக்கத்தையும் வையுங்கள். கோயில் திருவிழா மலரில் கொடுத்த விளம்பரம்கூட ஆதாரம்தான். ஆண்டு அட்டையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உணவுப் பாதுகாப்பு உரிமமும் ஜிஎஸ்டி சான்றிதழும் தொழில் நடந்ததைக் காட்டும். சரக்கின் மேல் பெயர் இருந்ததைக் காட்டாது. அவற்றை மட்டும் நம்பி ஒரு தேதியை எழுதக் கூடாது.

கடைகளில் தரும் வழவழப்பான வெப்ப அச்சு பில் சில வருடத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். மாதக் கடைசியில் நான்கைந்து பில்லை ஸ்கேன் செய்து, ஜெராக்ஸ் ஒன்று எடுத்து வைத்துவிடுங்கள். வருடத்துக்கு ஐம்பது பில் போதும். ஆனால் எந்த வருடமும் விடுபடக் கூடாது. தொடர்ச்சி இல்லாத ஆதாரத்தில் எதிர்த்தரப்பு அந்த இடைவெளியைத்தான் பிடிக்கும்.

அஃபிடவிட்டில் 'பல்லாண்டுகளாகப் புகழ்பெற்று விளங்கும்' என்ற வகை வரிகளால் பயனில்லை. பெயர் எந்தத் தேதியில், எந்தச் சரக்குக்கு, எந்த ஊரில் முதலில் விற்பனைக்கு வந்தது, அதற்கு எந்த இணைப்பு ஆதாரம் என்று முதலில் எழுதுங்கள். அடுத்து வருடவாரியாக விற்பனைத் தொகை, விளம்பரச் செலவு. அந்தத் தொகை பிராண்டுக்கு உரியதா, கடை முழுவதற்குமா என்று பிரித்து, ஆடிட்டர் சான்றோடு வையுங்கள். அரிசி வியாபாரமும் மசாலா வியாபாரமும் ஒன்றாகக் கலந்த மொத்த வரவைக் காட்டினால் குறுக்கு விசாரணையில் நிற்காது.

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய ஒரு வேலை இருக்கிறது, பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 28-ஆவது விதிப்படி, இந்தி, ஆங்கிலம் தவிர வேறு எழுத்தில் பெயர் இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தந்து, எந்த மொழி என்றும் சொல்ல வேண்டும். பொருளைச் சொன்னால் ஆட்சேபம் வருமே என்று மறைப்பதில் அர்த்தமில்லை, பரிசோதிப்பவர் கேட்கத்தான் போகிறார். 'சுவை' என்று உணவுப்பொருளுக்குப் பெயர் வைத்தால், தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் அது சரக்கின் தன்மையைச் சொல்லும் சொல்தான். 9-ஆம் பிரிவில் மாட்டும். 'மேஜிக் மசாலா' என்ற பெயருக்கு ஐடிசியும் நெஸ்லேயும் மோதிக்கொண்ட வழக்கில், 2020-இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு அந்தச் சொற்களுக்கு யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது என்றுதான் முடித்தது. பெரிய நிறுவனத்துக்கே அதுதான் கதி என்றால் சின்னக் கடைக்குச் சொல்லவே வேண்டாம்.

பெயர் தேடலிலும் தமிழின் குணம் தெரிந்திருக்க வேண்டும். பதிவகத் தளத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு 'யாரும் இல்லை' என்று முடிவு செய்வது ஆபத்து. 'எழில்' என்ற பெயரில் வரும் ழகரத்தை ஒருவர் இசட் எச் என்று எழுதுவார், இன்னொருவர் எல் என்று எழுதுவார், மூன்றாமவர் வெறும் இசட் போடுவார். நெடிலுக்கு ஒரு எழுத்தா இரண்டா என்பதிலும் ஆளுக்கு ஒரு வழக்கம். எல்லாக் கூட்டலிலும் தேடுங்கள். ஒலி அடிப்படைத் தேடலையும் போட்டுப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். 30-ஆம் வகுப்புச் சரக்குக்கு 29, 31, 35, 43 வகுப்புகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

அர்த்தம் வேறு, ஆகவே பெயர் வேறு என்ற வாதம் தமிழர்களுக்கு இயல்பாக வரும். அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு நம் ஊர் வழக்கே இருக்கிறது. 'ஸ்ரீ அம்பாள்' மூக்குப்பொடிக்கு எதிராக 'ஸ்ரீ ஆண்டாள்' மூக்குப்பொடி. அம்பாள் சிவன் துணைவி, ஆண்டாள் அரங்கனுக்கு உரியவள், லேபிளில் படமும் வேறு வேறு. நமக்கு இதில் குழப்பமே வராது. ஆனால் 1969-இல் உச்ச நீதிமன்றம், காதில் விழும் ஓசை நெருக்கமாக இருக்கிறது, வாங்குபவர்கள் இந்துக்கள் மட்டும் இல்லை, தென்னாட்டவர் மட்டும் இல்லை, அவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லி ஆண்டாளுக்குப் பதிவை மறுத்தது. கடையில் போய் வாயால் கேட்டு வாங்கும் சரக்குக்கு ஓசைதான் அளவுகோல். இன்றைக்கும் அந்தத் தீர்ப்பு வாதங்களில் வருகிறது. சாமி பெயரில் கடை வைக்கும் வழக்கம் உள்ள ஊரில் இதை நினைவில் வைக்காமல் பெயர் தேர்ந்தெடுக்கக் கூடாது.

விண்ணப்பம் போட்ட பிறகு பதிவகத்திலிருந்து வரும் எக்ஸாமினேஷன் ரிப்போர்ட்டுக்கு (பரிசோதனை அறிக்கை), அது கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்தில் பதில் போட வேண்டும். போடாவிட்டால் கைவிட்டதாக முடித்துவிடலாம். இதைப் பலர் 'எதிர்ப்பு வந்துவிட்டது' என்று பதறுகிறார்கள். 'அப்ஜெக்டட்' என்றால் பதிவகத்தின் ஆட்சேபம். 'அப்போஸ்டு' என்றால்தான் இன்னொருவர் எதிர்த்திருக்கிறார். உங்கள் பெயரை ஒத்திருக்கிறது என்று 11-ஆம் பிரிவில் சுட்டிக்காட்டியிருக்கும் ஒவ்வொரு பெயரின் இன்றைய நிலையையும் எடுத்துப் பாருங்கள். கைவிடப்பட்டது, புதுப்பிக்காமல் நீக்கப்பட்டது, சரக்கே வேறு என்று பாதி உதிர்ந்துவிடும்.

மீதிக்குப் பதில் எழுதும்போதுதான் நிதானம் வேண்டும். எல்லாப் பதிலிலும் ஒரே மாதிரியாக 'எங்கள் பெயர் சுட்டப்பட்ட பெயரிலிருந்து முற்றிலும் மாறுபட்டது' என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. அப்படி எழுதிப் பதிவு வாங்கிவிட்டு, நாளைக்கு அதே சுட்டப்பட்ட பெயர்க்காரர் மீது 'எங்கள் பெயரைக் காப்பியடிக்கிறார்' என்று வழக்குப் போனால் அந்தப் பதிலே எதிராக நிற்கும். 2023-இல் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு ஒரு வழக்கில் இதைத்தான் சொன்னது. சுட்டப்பட்டவர் உங்களுக்குப் பிந்தியவர் என்று தெரிந்தால், 'மாறுபட்டது' என்ற வாதத்தை விட்டுவிட்டு முன்பயன்பாட்டை ஆதாரத்தோடு வையுங்கள். தேவைப்பட்டால் 12-ஆம் பிரிவின் நேர்மையான உடன்பயன்பாட்டையும் (இருவரும் ஒரே காலத்தில் நேர்மையாகப் பயன்படுத்துவது) சேருங்கள். அதற்கும் அந்தக் கட்டத்தில் எழுதிய தேதிதான் அடிப்படை.

ஏற்றுக்கொள்ளப்பட்ட பெயர் டிரேட்மார்க் ஜர்னலில் வரும். ஜர்னல் வாரம் ஒன்று, திங்கட்கிழமை. விளம்பரமான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். இணையவழிக் கட்டணம் வகுப்புக்கு ₹2,700. எதிர்ப்பு மனு உங்களுக்குக் கிடைத்ததும் இரண்டு மாதத்தில் எதிர்வாதுரை போட்டாக வேண்டும். இந்த இரண்டு கெடுவும் சட்டத்திலேயே இருப்பவை. நீட்டிப்பு கிடையாது, மன்னிப்பு மனு கிடையாது. எதிர்வாதுரை போடாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.

நல்ல பெயர்கள் இந்த இடத்தில் மின்னஞ்சலால் சாகின்றன. விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சல் நான்கு வருடத்துக்கு முன் விண்ணப்பம் போட்டுக்கொடுத்த ஏஜென்ட்டுடையது. அவர் தொழிலை விட்டிருப்பார், அல்லது கடிதம் ஸ்பாமில் கிடக்கும். விதிப்படி மின்னஞ்சல் அனுப்பிய நேரமே சேர்ந்த நேரம். சட்டத்தில் இருப்பதோ 'கிடைத்த' நாளிலிருந்து இரண்டு மாதம். அனுப்பியதைக் காட்டினால் மட்டும் போதாது என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்று, விண்ணப்பம் கைவிடப்பட்டதாகச் சொன்ன உத்தரவை ரத்து செய்ததும் உண்டு. ஆனால் அதற்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும், செலவு பல மடங்கு. உரிமையாளரின் சொந்த மின்னஞ்சலையும் விண்ணப்பத்தில் சேர்த்து, மாதம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பார்த்துவிட்டால் அந்தப் பயணம் தேவைப்படாது.

எதிர்வாதுரைக்குப் பின் எதிர்ப்பவர் இரண்டு மாதத்திலும், அடுத்து விண்ணப்பதாரர் இரண்டு மாதத்திலும் சாட்சிய அஃபிடவிட் போட வேண்டும். அதன் பிறகு எதிர்ப்பவர் தரும் பதில் சாட்சியத்துக்கு ஒரு மாதம். முன்னமே வருடவாரியாக அடுக்கி வைத்த பில்கள் இருந்தால் இது ஒரு வாரத்து வேலை. இல்லாவிட்டால் இரண்டு மாதம் போதாது. விசாரணையில் ஒரு தரப்புக்கு இரண்டு வாய்தாவுக்கு மேல் தர மாட்டார்கள்.

பதிவக உத்தரவு எதிராகப் போனால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு. முன்பு அது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகும். 2021 ஏப்ரலில் அந்த வாரியம் கலைக்கப்பட்டதால் இப்போது உயர் நீதிமன்றம்தான். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு 2023 முதல் இயங்குகிறது.

வழக்கு என்று போனால் இன்னொரு தேதி வந்து நிற்கும். எதிராளியைப் பற்றி உங்களுக்கு எப்போது தெரிந்தது என்ற தேதி. வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவுப்படி, அவசரத் தடை கேட்காத வழக்குக்கு முன்பே சமரசம் பேசுவது கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் அனுப்பிவிட்டு எட்டு மாதம் சும்மா இருந்தவர் திடீரென அவசரம் என்று வந்தால், அந்த எட்டு மாதத்துக்கு விளக்கம் கேட்பார்கள். பதிவான பெயர் ஒன்று பயன்படுவதைத் தெரிந்தே ஐந்து வருடம் தொடர்ந்து பொறுத்திருந்தால் 33-ஆம் பிரிவுப்படி எதிர்க்கும் உரிமையே போய்விடலாம்.

வாட்ஸ்அப் ஆர்டர், ஃபேஸ்புக் பதிவு, போனில் எடுத்த கடைப் பலகைப் படம் ஆகியவற்றை நீதிமன்றத்தில் வைக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழின் இடத்தில் வந்தது இது. இதில் இரண்டு பகுதி. ஒன்றை ஆதாரம் தருபவரும் மற்றதை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாளக் குறியீடு) எழுத வேண்டும். படத்தை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பி, அவரிடமிருந்து திரும்ப வாங்கி அச்செடுத்தால் படம் எடுத்த தேதி கோப்பிலிருந்து போய்விடும். எடுத்த போனிலிருந்தே மூலக் கோப்பை நகலெடுங்கள். அந்தப் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாமல் வழக்கு முடியும்வரை பீரோவில் வைத்திருங்கள்.